மேடு பள்ளமாய் ஒரு கீபோர்டு

அத்தியாயம் 9

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தாக்காட்டறனுங்க. அதுக்கு மேல அந்தப் பொண்ண மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தியே ஆகோணும். அப்புறம் என்ற கையில ஒண்ணுமில்லீங்க."

இன்ஸ்பெக்டர் மயில்சாமி காலையில் பல்லடத்தில் சொன்ன இந்த வார்த்தை, மத்தியானம் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் வண்டியை நிறுத்த இடம் தேடி அலைந்துகொண்டிருந்த சென்னிமலையின் காதில் இன்னும் ஒலித்தது. பக்கத்து இருக்கையில் செவ்வந்தி மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவள். சென்னிமலை அவளுக்கு டிரைவர், எடுபிடி, சமயத்தில் அவள் திட்டித் தீர்ப்பதற்கு ஓர் ஆள்.

பையில் இருந்தது செத்துப்போனவனுடைய கீபோர்டு. தற்கொலை என்று முடிவு கட்டிவிட்ட வழக்கில் அதை யாருக்கு வேண்டும்? மயில்சாமி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

செத்தவன் பெயர் மதன்குமார். முப்பத்தொரு வயது. காலேஜ் படிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. அதற்காக அவன் மூலையில் முடங்கவில்லை. பல்லடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில், அண்ணன் திருமூர்த்தியின் விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய அறையில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். மூன்று நாளைக்கு முன்னால் தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதந்தான். கம்ப்யூட்டர் திரையில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில், ஒரு சேதி இருந்தது.

'எனக்கு இனி முடியாது. மதிவதனிதான் காரணம். தேட வேண்டாம்.'

மதிவதனி அவன் மனைவி. நான்கு மாதக் கர்ப்பிணி. சாதி விட்டுச் செய்துகொண்ட கல்யாணம். சாகிறவன் பொய் எழுத மாட்டான் என்று ஊர் ஒரே குரலில் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றி அப்படி நினைப்பது ஊருக்குச் சௌகரியமாகவும் இருந்தது. தற்கொலைக்குத் தூண்டியதாக அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா மாசாணம் ஸ்டேஷன் வாசலில் புங்க மரத்தடியில், சாப்பிடாமல் கொள்ளாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு பொண்ணோட தலையெழுத்தே தொங்கிட்டு இருக்குது. நாம கீபோர்டு ரிப்பேருக்கு வந்திருக்கறோம்" என்றான் சென்னிமலை.

"ரிப்பேர் இல்லப்பா. காலைல இது மேல கையை வெச்சேன். உங்க ஊர் ரோடு மாதிரி மேடு பள்ளமா இருந்துச்சு. கண்ணு தெரியாதவன் இதை எப்படி வெச்சு அடிச்சான்னு கேக்கணும்."

கடை முதல் மாடியில் இருந்தது. பிரவின்குமார் என்ற அந்த இளைஞன் ஆளுக்குத் தகுந்தபடி கீபோர்டு செய்து கொடுப்பவன். மதன்குமாரோடு காலேஜில் ஒன்றாகப் படித்தவன். சேதி தெரிந்ததிலிருந்து தூங்கவில்லை என்று அவன் கண்ணே சொன்னது.

செவ்வந்தி பையிலிருந்து எடுத்து வைத்தாள். ஒரு சாண் அகலம்கூடத் தாண்டாத குட்டிக் கீபோர்டு. ஓரத்து எண் பட்டன்கள் இல்லை, அம்புக்குறிகள் இல்லை.

"மீதி எங்கீங்க? எலி தின்னுபோட்டுதா?" என்றான் சென்னிமலை.

பிரவின்குமார் சிரிக்கவில்லை. கீபோர்டைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் அதன்மேல் வைத்துத் தடவினான். வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"இத யாருங்க இப்பிடிக் கெடுத்தது?"

"கெட்டுப்போச்சா?"

"மூடியெல்லாம் மாத்தி மாட்டியிருக்குதுங்க." விரல் படுகிற ஒவ்வொரு விசைக்கும் மேலே கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் மூடி இருந்தது. ஒன்றைப் பிடுங்கிக் கவிழ்த்துக் காட்டினான். அடியில் சிலுவை வடிவத்தில் ஒரு குழி. "எல்லாத்துக்கும் இதே குழிதானுங்க. அதனால எத வேணா எங்க வேணா மாட்டலாம், பொருந்திக்கும். ஆனா மாட்டப்படாது. மேல் வரிசை மூடி ஒசரம், நடு வரிசை தாழ்வு, கீழ் வரிசைக்குச் சாய்வு வேற. விரல் நீட்டி மடக்கறதுக்குத் தகுந்த மாதிரி. வரிசை மாத்திப் போட்டா இப்பிடித்தான் பல்லு மொளைச்ச மாதிரி தூக்கிட்டு நிக்கும்."

"நீங்க மாட்டினப்ப எப்படி இருந்துச்சு?"

"எல்லாக் கீபோர்டுலயும் எழுத்து எந்த வரிசையில இருக்குமோ அதே வரிசைதானுங்க. ஆனா அது சும்மா மேலுக்கு. கீபோர்டுக்குள்ளயே இருக்கற புரோகிராமுல மதன் தனக்குன்னு வேற ஒரு வரிசை வெச்சிருந்தான். அடிக்கடி வேணுங்கற எழுத்தெல்லாம் விரலுக்குக் கீழயே வரோணும்னு. மூடியில ஏ-ன்னு போட்டிருக்கும், அமுக்குனா வேறென்னமோ வரும். அவனுக்கென்னங்க, எழுத்தப் பாத்தா அடிச்சான்?"

"பின்ன எதை வெச்சு அடிச்சார்?"

பிரவின்குமார் எஃப் மூடியையும் ஜே மூடியையும் தொட்டுக் காட்டினான். இரண்டிலும் நகக்கீறல் அளவுக்குச் சின்னதாக ஒரு கோடு புடைத்திருந்தது. "ஆள்காட்டி விரல் ரெண்டும் இந்தக் கோட்டு மேல போய் உக்காந்தா மத்த விரலெல்லாம் தானா எடம் கண்டுக்கும். அவனுக்குக் கண்ணே இந்த ரெண்டு கோடுதானுங்க. இப்பப் பாருங்க, ஒண்ணு மேல் மூலையில கெடக்குது. இன்னொண்ணு அடி வரிசையில. இத வெச்சு மதன் அவன் பேரக்கூட அடிச்சிருக்க முடியாது."

சென்னிமலைக்கு ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. "ஏனுங்க, இதெல்லாம் கழட்டி மாட்டத் தெரிஞ்சவரு ஊருக்குள்ள நீங்க ஒருத்தருதானுங்களே?"

"நானா?" பிரவின்குமாரின் முகம் சிவந்தது. "நானா இருந்தா மூடியத் தொட்டே இருக்கமாட்டேன். புரோகிராம மாத்துனா ஒரு நிமிஷ வேலை. இது தெரியாதவன் பண்ணுனதுங்க. போன மாசம் மதன் ஊட்டுல நான் மாட்டறப்ப அத்தன பேரும் சுத்தி நின்னு வேடிக்க பாத்தாங்க. மூடி புடுங்கற கம்பியக்கூட டேபிள் டிராயர்லயே வெச்சுட்டு வந்தேன்."

செவ்வந்தி கீபோர்டைக் கடையிலிருந்த கம்ப்யூட்டரில் மாட்டச் சொன்னாள். ஒவ்வொரு மூடியாக அமுக்கினாள். பாதி மூடிகளில் அச்சடித்திருந்த எழுத்தே திரையில் வந்தது. மீதிப் பாதியில் சம்பந்தமில்லாமல் ஏதோ வந்தது. கைபேசியில் இருந்த மதன்குமாரின் கடைசிச் சேதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அமுக்கினாள்.

"சென்னிமலை, இங்க வா. இந்தச் சேதியில என்னென்ன எழுத்து வருதோ அது அத்தனையும் சரியான இடத்துல இருக்கு. சேதியில வராத எழுத்து, இந்த எஃப், ஜே, க்யூ, எக்ஸ், இசட் எல்லாம் கண்ட இடத்துல சொருகியிருக்கு."

"அப்படின்னா?"

"கண்ணு தெரிஞ்ச ஒருத்தன் இதுல அடிக்கப் பாத்திருக்கான். ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு வந்திருக்கு. ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்து, திரையில வர்ற எழுத்தோட மூடியைத் தேடி அங்க மாட்டியிருக்கான். இந்த மூணு வரிக்கு எது வேணுமோ அதை மட்டும். மிச்சத்தை ஓட்டை அடைக்கறதுக்குச் சொருகிட்டுப் போயிட்டான்."

பிரவின்குமார் மெதுவாகச் சொன்னான்: "அவன் கம்ப்யூட்டர் பேசுமுங்க. எந்த விசையத் தொட்டாலும் அந்த எழுத்த வாயால சொல்லும். அதக் கேட்டுத்தான் அவன் வேலை செய்வான்."

"சத்தமாவா?"

"தறி ஓடறப்ப ஹெட்போன் போட்டுக்குவானுங்க. தறி நின்னா ஸ்பீக்கர். காது வேர்க்குதும்பான்."

செவ்வந்தி கீபோர்டைப் பையில் போட்டாள். "அவர் செத்த அன்னைக்கு ஈபி ஷட்டவுன். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இல்லை, ஒரு தறியும் ஓடலை. கம்ப்யூட்டர் மட்டும் இன்வெர்ட்டர்ல ஓடியிருக்கு. கிளம்புங்க, நீங்களும் வாங்க."

சூலூர் தாண்டும்போது பிரவின்குமார் பின் இருக்கையிலிருந்து பேசினான். ஏதோ கிடங்கு கட்டுகிற கம்பெனிக்கு மொத்தத் தோட்டத்தையும் வீட்டோடு கொடுத்துவிட வேண்டுமென்று திருமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றாராம். தம்பி கையெழுத்துப் போடவில்லை.

"என்ன சொல்லுவான் தெரியுமுங்களா? 'இந்த ஊட்டுலயும் தோட்டத்துலயும்தான்டா எனக்குக் கண்ணு தெரியுது. வேற எங்க கொண்டுபோய் உட்டாலும் நான் குருடன்'பான். கெணத்து மேட்டுக்கு எத்தன எட்டுன்னு அவன் காலுக்குத் தெரியும்."

திருமூர்த்தி வாசலுக்கே வந்து வரவேற்றார். ஐம்பதை நெருங்கிய, ஓங்குதாங்கான மனிதர். பன்னிரண்டு வயதில் தறிக் கொட்டகைக்குள் நுழைந்தவர். தலையில் பஞ்சு ஒட்டாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. துக்க வீடு என்பதால் உள்ளே தறிகள் நின்றிருந்தன.

"வாங்கோ! உள்ளார வாங்கோ! மோர் குடிக்கறீங்களா?" என்றார். தோட்டத்துக் காக்கை இரண்டு எழும்பிப் பறந்தன.

"இவரு ரகசியம் சொன்னாச் சூலூர்ல கேக்குமுங்க அக்கா" என்று சென்னிமலை முணுமுணுத்தான். திருமூர்த்தி அவன் வாயையே உற்றுப் பார்த்தார். மத்தியானம் தின்ற கீரை பல்லில் ஒட்டியிருக்கிறதோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்து உதட்டை மூடிக்கொண்டான்.

"அன்னைக்கு நான் ஊட்டுலயே இல்லீங்க" என்றார் திருமூர்த்தி, கேட்பதற்கு முன்பே. "மத்தியானம் சாப்புட்டுப் பல்லடம் போனேன். கரண்டு வந்தப்புறம்தான் வந்தேன். அதுக்குள்ள அவ வந்து என்ன பேசுனாளோ, என்ற தம்பி போய்ச் சேந்துட்டான்." மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் நிஜம்தான் என்று சென்னிமலைக்குப் பட்டது. அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

பிரவின்குமாரை மதன்குமாரின் அறைக்கு அனுப்பிவிட்டு, செவ்வந்தி பொடக்காலிப் பக்கம் போனாள். வீட்டுக்குப் பின்புறம், அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே, மதன்குமாரின் அம்மா காளியாத்தாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு முறத்தில் முருங்கைக்கீரை, ஆயாமலே வாடிக் கிடந்தது.

"அம்மா, அன்னைக்கு மத்தியானம் நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இங்கதானுங்க அம்மணி. கரண்டு இல்லாட்டி ஊட்டுக்குள்ள வேக்காடு. மூணு மணி வாக்குல இருக்குமுங்க, சின்னவன் கம்ப்யூட்டரு பேசுச்சு. எனக்கு என்ன தெரியும், எழுத்தா படிச்சேன்? ஏ-ங்குது, பி-ங்குது, பள்ளிக்கூடத்துல பாலர் வகுப்புப் புள்ளைங்க படிக்கற மாதிரி."

"எப்பவும் அப்படித்தான் சொல்லுமா?"

"இல்லீங்க. எப்பவும் கிறுகிறுன்னு ஓடும், ஒண்ணும் வெளங்காது. அன்னைக்கு ஒவ்வொண்ணா, நிறுத்தி நிறுத்தி. புதுசா என்னமோ கத்துக்கறான்னு நெனச்சுபோட்டேன்." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "அப்பறம் சாயங்காலம், வெளிய போயிருந்த அந்தப் பாதகத்தி வந்தா. வந்து கொஞ்ச நேரத்துல 'அவரக் காணோம்'னு கத்துறா. நல்லா இருப்பாளா அவ?"

சென்னிமலை செவ்வந்தியைப் பார்த்தான். மூன்று மணிக்கு அந்த அறையில் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கியது மதன்குமார் இல்லை. அது இந்தத் தாய்க்குத் தெரியவில்லை. இப்போதே சொல்லிவிடலாம் என்று அவனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செவ்வந்தி வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள்.

நடையில் நின்று சென்னிமலை கேட்டான்: "ஒண்ணு மட்டும் இடிக்குதுங்க அக்கா. கம்ப்யூட்டரு அத்தன எழுத்தையும் ஊருக்கே கத்துது. திருடன் திருட வந்த எடத்துல ரேடியோ பாடுனா மொதல்ல அதத்தான அமுக்குவான்? இவன் ஏன் சத்தத்த நிறுத்தலை?"

செவ்வந்தி நின்றாள். அவன் முகத்தைப் பார்த்து, வெகுநாளைக்குப் பிறகு, பாராட்டுவதுபோல் சிரித்தாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் மயில்சாமிக்குப் போன் போட்டாள்.

ஐந்து மணி தாண்டி ஜீப் வந்தது. மதன்குமாரின் அறையில் பிரவின்குமார் எல்லா மூடிகளையும் பிடுங்கிப் பழையபடி மாட்டி முடித்திருந்தான். எழுத்தைப் பார்க்காமல், கண்ணை மூடி, ஒவ்வொரு மூடியின் உயரத்தையும் பெருவிரலால் தடவிப் பார்த்தே மாட்டினான். கடைசியாக எஃப்பும் ஜேயும் நடு வரிசையில் ஆள்காட்டி விரலுக்கு நேராக உட்கார்ந்தன. திரை அணைந்திருந்தது. ஸ்பீக்கரைச் செவ்வந்தி தானே போட்டாள்.

"திருமூர்த்தி அண்ணா, சும்மா ஒரு சோதனைக்குத்தானுங்க. இதுல உங்க பேரை அடிச்சுக் காட்டுங்க" என்றாள், அவர் முகத்துக்கு நேராக நின்று.

திருமூர்த்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்லக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, குனிந்து எழுத்தைத் தேடினார்.

டி மூடியை அமுக்கினார்.

"ஓ" என்றது கம்ப்யூட்டர். மெல்லிய, கீச்சென்ற குரல்.

ஹெச் மூடியை அமுக்கினார்.

"எஸ்."

வாசல்படியில் நின்ற காளியாத்தாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். திருமூர்த்தி மட்டும் தலையைத் தூக்கவில்லை. அமுக்கிய எழுத்து ஒன்று, வாய்விட்டுச் சொன்ன எழுத்து வேறொன்று. மொத்தப் பெயரும் தப்புத் தப்பாக அறை முழுக்க ஒலித்தது. அவர் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. நிதானமாக அடித்து முடித்தார்.

செவ்வந்தி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சாதாரணக் குரலில் கேட்டாள்: "சரியா வந்துச்சுங்களா?"

பதில் இல்லை. அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பார்க்காமல் இந்த மனிதருக்குப் பேச்சு விளங்காது என்பது சென்னிமலைக்கு அப்போதுதான் உறைத்தது. பல்லில் கீரையும் இல்லை, ஒன்றும் இல்லை. நாற்பது வருஷம் தறிக்குள் நின்ற காது அது.

திருமூர்த்தி நிமிர்ந்தார். சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்து மிரண்டார். "ஏன் எல்லாரும் இப்பிடிப் பாக்கறீங்கோ?"

செவ்வந்தி கைக்குட்டையை எடுத்தாள். "கம்ப்யூட்டர் பேசினது உங்களுக்குக் கேக்கலைங்களா?"

"பேசுச்சா? அது ஹெட்போனுலதான பேசும்? அன்னைக்கும் ஒரு சத்தமும் வரலியே!"

"என்னைக்குங்க?" என்றார் மயில்சாமி.

திருமூர்த்தி கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"தறியில பாவு நூல்ல இழை மாறிப் போனா, கழட்டி வரிசையாத் திரும்பக் கோத்துத்தான் உங்களுக்குப் பழக்கம்" என்றாள் செவ்வந்தி. "இதையும் அப்படியே கோத்துட்டீங்க. வேற யாரா இருந்தாலும் ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சு வெச்சுட்டு அடிச்சிருப்பாங்க. மூடியைப் பிடுங்கணும்னே தோணியிருக்காது."

அவர் மறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உடைந்து போனார். "கையெழுத்துப் போடுறா சாமின்னு காலப் புடிக்காத கொறையாக் கேட்டனுங்க. கெணத்து மேட்டுல நின்னு பேசிட்டு இருந்தோம். முடியாதுன்னான். கோவத்துல ஒரு தள்ளு... கொல்லோணும்னு நெனைக்கலீங்க. சத்தியமா நெனைக்கலீங்க."

"தள்ளினது கோவம்னே வெச்சுக்குவோம்" என்றாள் செவ்வந்தி. "அதுக்கப்புறம் இங்க வந்து உக்காந்து, ஒவ்வொரு மூடியாத் தேடித் தேடி, வயித்துப் புள்ளைக்காரி பேரைக் கோத்தீங்களே. அது என்ன?"



மயில்சாமி நேரத்தைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "ஏம்மா, அந்தப் பொண்ணு மதிவதனிய எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம். அவங்கப்பாவ உள்ள கூப்புடு. சேர் போட்டு உக்கார வை. ரெண்டு பேத்துக்கும் டீ வாங்கிக் குடு. நான் வந்துட்டே இருக்கேன்."

டீ என்ற வார்த்தையில் காளியாத்தாள் அசைந்தாள். படியிலிருந்து இறங்கி வந்தாள். பெரிய மகனிடம் போகவில்லை. மேசையருகில் போய், அந்தக் குட்டிக் கீபோர்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கம்ப்யூட்டர் ஏதோ நான்கைந்து எழுத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டு நின்றது.

"நானும் டீக்குத்தானுங்க அம்மணி கூப்புட்டேன்" என்றாள். "அன்னைக்கு இது பேசுச்சே, அப்ப. இந்த சன்னலுக்குக் கீழ நின்னுட்டு, 'சாமி, டீ வெக்கட்டுமா, சாமி, டீ வெக்கட்டுமா'ன்னு கேட்டுட்டே இருந்தேன். பதிலே வரலீங்க. வேலையா இருக்கானாட்ட இருக்குதுன்னு உட்டுபோட்டேன்."

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டான். திருமூர்த்தி தாயின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து இப்போதுதான் அவள் கூப்பிட்டது அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

காளியாத்தாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு பெத்தேன். நான் கூப்புட்டது ஒருத்தனுக்கும் கேக்கலீங்க."